நானும் மாற்றுத்திறனாளி, தம்பியைப் பார்த்துக்கொள்வதும் நான்தான்

அம்மா போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 2019 மார்ச். தம்பி பேரில் அம்மா போட்டு வைத்திருந்த ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்துவிட்டது என்று வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்தவர் என் காலில் மாட்டியிருந்த தாங்கியை, அதாவது காலிப்பரைப் பார்த்தார், பக்கத்தில் நின்று கண்ணாடித் தடுப்பில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்த தம்பி பாபுவைப் பார்த்தார், அப்புறம் ஹிந்தியில் கேட்டார்: "வீட்டில் வேறு யாரும் இல்லையா? நீங்களே இப்படி இருக்கிறீர்கள், இவரை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?" அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அதே கேள்வியை அதற்கப்புறம் நான்கு இடங்களில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவற்றில் இரண்டு இடங்களில் அந்தக் கேள்வியையே காரணமாக வைத்து என் விண்ணப்பத்தைத் திருப்பியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாக. டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பு, தரைத்தளம். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 2002லிருந்து வேலை பார்க்கிறேன். இரண்டு வயதில் போலியோ, இடது காலில் காலிப்பர், சான்றிதழில் 60 சதவீதம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாபு என்னைவிட ஆறு வயது சின்னவன், மனவளர்ச்சிக் குறைபாடு, அவன் சான்றிதழில் 75 சதவீதம். இந்த 75 எப்படி வருகிறது என்று பலருக்குக் குழப்பம். டாக்டர் பார்த்து ஒரு எண்ணைப் போடுவதில்லை. சோதனை வைத்து, மிதமான நிலை என்று வந்தால் 75, கடுமையான நிலை என்றால் 90 என்று அரசு வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. 80க்கு மேலா கீழா என்பது வரிச் சலுகைத் தொகையையே மாற்றும் என்பதால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று நான்கு வருஷம் அடிபட்டுப் புரிந்துகொண்ட விஷயம் ஒன்று. மாற்றுத்திறனாளி என்ற முறையில் எனக்கான சலுகைக்கு விண்ணப்பிக்கும்போது என்னால் எது முடியாது என்று எழுத வேண்டும். பராமரிப்பாளர் என்ற முறையில் விண்ணப்பிக்கும்போது என்னால் எது முடியும் என்று எழுத வேண்டும். இரண்டு காகிதமும் ஒரே அதிகாரியின் மேஜைக்குப் போகும். அவர் இதையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "அங்கே ஐந்து நிமிஷம் நிற்க முடியாதென்று எழுதியிருக்கிறீர்கள், இங்கே தம்பியைக் குளிப்பாட்டுகிறேன் என்கிறீர்கள், எது நிஜம்?" என்பார். இரண்டும் நிஜம். நான் ஸ்டூலில் உட்கார்ந்துதான் அவனுக்குத் தலை தேய்த்துவிடுகிறேன், வாளியை அவன் தூக்கி வைக்கிறான். சவரம் நான்தான் செய்துவிடுவேன், அவன் தரையில் சம்மணம் போட்டு உட்காருவான், நான் கட்டில் ஓரத்தில். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைப்பது அவன், ரெகுலேட்டரை மாட்டுவது நான். காலையில் வலிப்பு மாத்திரையை எடுத்து அவன் கையில் கொடுத்து, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்ப்பேன், ஏனென்றால் சில நாள் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு அப்புறம் பால்கனியில் துப்பிவிடுவான். இதற்கு எதற்கு நிற்க வேண்டும்?

அதனால் விண்ணப்பத்தில் "முழுமையாகப் பார்த்துக்கொள்கிறேன்", "எல்லாம் நான்தான்" என்று எழுதாதீர்கள். வேலை வேலையாக எழுதுங்கள். எந்த வேலை, எத்தனை மணிக்கு, எப்படிச் செய்கிறீர்கள், எதை வேறொருவர் செய்கிறார். நான் ஒரு பழைய டைரியில் இரண்டு வாரம் விடாமல் எழுதினேன். அதில் ஒரு நாள், "இரவு 2.10 வலிப்பு, என்னால் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க முடியவில்லை, எதிர்வீட்டு மாமியின் மகனைப் போனில் கூப்பிட்டேன், மூன்று நிமிஷத்தில் வந்தான்" என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் காட்டலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். காட்டினேன். உதவிக்கு ஆள் வைத்திருப்பதும் பராமரிப்பில் சேர்ந்ததுதான். அதை ஒளித்து வைத்தால்தான் பின்னால் பொய் சொன்னதாக ஆகும்.

சரி, வங்கிக்கு வருகிறேன். பாபு பேரில் உள்ள பணத்தைக் கையாளச் சட்டப்படியான கார்டியன், அதாவது பாதுகாவலர், வேண்டும். அவனைப் போன்றவர்களுக்கு 18 வயது தாண்டிவிட்டால் அம்மா அப்பாகூடச் சட்டப்படி தானாகக் கார்டியன் ஆகிவிட முடியாது. இது எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது, எனக்கும் தெரியாது. 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். அதன்படி மாவட்ட அளவில் ஒரு உள்ளூர்க் கமிட்டி இருக்கும், லோக்கல் லெவல் கமிட்டி என்பார்கள், மாவட்ட ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி தலைமையில். பெற்றோரோ உறவினரோ அங்கே விண்ணப்பித்துக் கார்டியன் சான்றிதழ் வாங்கலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். அந்தச் சான்றிதழை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கியும் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது, கிளையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், பொறுமையாகச் சொல்லுங்கள். மனநோய், முதுமை மறதிநோய் உள்ளவர்களுக்கு இந்தக் கமிட்டி வழி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதற்காக வீணாக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கார்டியன் மாற்றுத்திறனாளியாக இருக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் என் விண்ணப்பத்தை வாங்கிய இடத்தில் இருந்தவர், "உடல் தகுதி உள்ள வேறு உறவினர் ஒருவரை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டித் திருப்பிவிட்டார். எங்களுக்கு இருக்கும் உறவு கும்பகோணத்தில் ஒரு சித்தப்பா, அவருக்கு எழுபத்தெட்டு வயது. அன்றைக்கு ஆட்டோவில் திரும்பி வரும்போது அழுதேன், பாபு என் துப்பட்டா நுனியை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டான்.

மறுபடி போகும்போது இரண்டு விஷயம் செய்தேன். ஒன்று, வாய்மொழியாகச் சொன்னதையும் ஒட்டின சீட்டையும் குறிப்பிட்டு, எந்தப் பிரிவின் கீழ் என்னை நிராகரிக்கிறீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். மரியாதையாக, நான்கே வரி. அடுத்த வாரம் விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. இரண்டாவது, அந்த டைரியின் நகலை இணைத்தேன்.

கமிட்டி கூடிய நாளில் நடந்ததை மறக்க மாட்டேன். அந்தக் கமிட்டியில் ஒரு மாற்றுத்திறனாளி உறுப்பினர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு வந்தவர் பார்வையற்றவர், ஐம்பது வயது இருக்கும். மற்றவர்கள் வழக்கமான கேள்வி கேட்டார்கள், சம்பளம் எவ்வளவு, வீடு யார் பேரில். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் காலிப்பர் உடைந்துவிட்டால் அன்றைக்கு இவருக்கு யார் சாப்பாடு போடுவார்?" எத்தனையோ பேர் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நானும் நேராகப் பதில் சொன்னேன். போன ஜனவரியில் அப்படித்தான் முட்டிப் பூட்டு உடைந்தது, மூன்று நாள் சக்கர நாற்காலி, எதிர்வீட்டில் ரசம் சாதம் வந்தது, பாபுவே தட்டு கழுவினான், மாத்திரை மட்டும் நான் கையில் கொடுத்தேன் என்று. அவர் தலையை ஆட்டினார். எதற்கெல்லாம் கார்டியன் தேவை என்றும் கமிட்டி பார்க்கும், ஆகவே பணம், மருத்துவம், இருப்பிடம் என்று தனித்தனியாகச் சொல்லத் தயாராகப் போங்கள்.

சான்றிதழ் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆறு மாதத்துக்குள் அவர்கள் பேரில் உள்ள சொத்து, கடன், வர வேண்டியது எல்லாவற்றுக்கும் பட்டியல் கொடுக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு நிதியாண்டு முடிந்தும் மூன்று மாதத்துக்குள் கணக்கு. டெபாசிட் வட்டி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று. நான் அவனுக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்து, அவன் செருப்பு, அவன் மருந்து, அவன் பகல்நேர மையத்தின் கட்டணம் எல்லாம் அதிலிருந்தே கொடுத்து ரசீதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுகிறேன்.

இனி வரி. இதில்தான் நான் பணத்தை விட்டேன்.

பழைய வரிமுறையில், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர் தன் பேரில் 80யு பிரிவில், வரி போடும் வருமானத்திலிருந்து 75,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். தன்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவர் 80டிடி பிரிவில் இன்னொரு 75,000. குறைபாடு 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் இரண்டிலும் 1,25,000. கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லாரும் சார்ந்தவர் கணக்கில் வருவார்கள். செலவு எவ்வளவு ஆனது என்பது கேள்வியில்லை, நிலையான தொகை. நான் இரண்டையும் எழுதினேன், எங்கள் பில் செக்‌ஷனில் ஒன்றை அடித்துவிட்டுக் கொடுத்தார்கள், "ஒருவருக்கு ஒன்றுதான்" என்று. அப்படி விதி கிடையாது. 80யு என் குறைபாட்டுக்கு, 80டிடி பாபுவின் குறைபாட்டுக்கு. இரண்டு பேர், இரண்டு சான்றிதழ். அலுவலகம் கழிக்காவிட்டாலும் ரிட்டர்ன் போடும்போது நாமே கழித்துத் திரும்பப் பெறலாம், அந்த வருஷம் அப்படித்தான் செய்தேன். இருபது சதவீத அடுக்கில் இருந்த எனக்கு இரண்டும் சேர்ந்து செஸ்ஸோடு 31,200 ரூபாய் மிச்சம். பாபுவின் மையத்துக்கு அது நான்கு மாதக் கட்டணம்.

விட்டது அடுத்த வருஷம். அவன் டெபாசிட் வட்டியில் வங்கி டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வரி, பிடித்துவிட்டது. அதைத் திரும்ப வாங்க அவன் பேரில் ரிட்டர்ன் போடச் சொன்னேன். போட்டுக்கொடுத்தவர், நல்லது செய்வதாக நினைத்து, அதில் 80யுவையும் சேர்த்துவிட்டார். அவன் வருமானமோ வரி வரம்புக்கு எங்கேயோ கீழே, அந்தக் கழிவு அவனுக்கு ஒரு பைசாவும் மிச்சம் செய்யவில்லை. ஆனால் சார்ந்தவர் தன் பேரில் 80யு எடுத்துவிட்டால் அவருக்காக நாம் 80டிடி எடுக்க முடியாது. என் 75,000 போயிற்று. ஆகவே அவர்கள் பேரில் ரிட்டர்ன் போட நேர்ந்தால் நீங்களே உட்கார்ந்து அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்லது, வருஷ ஆரம்பத்திலேயே கார்டியன் என்ற முறையில் வங்கியில், வருமானம் வரி வரம்புக்குக் கீழே என்ற உறுதிமொழிப் படிவத்தை (2026 மார்ச் வரை அது 15ஜி) கொடுத்துவிடுவது. டிடிஎஸ்ஸே பிடிக்க மாட்டார்கள்.

புதிய வரிமுறையில் இந்த இரண்டு கழிவும் கிடையாது. 2025-26க்கு 12 லட்சம் வரை வரி இல்லை என்று ஆன பிறகு எனக்குப் புதிய முறைதான் லாபம், அதற்கு மாறிவிட்டேன். மாற்றுத்திறனாளி ஊழியருக்கான போக்குவரத்துப் படிக்கு உள்ள வரி விலக்கு அதிலும் தொடர்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் சம்பளம் அதிகம், வீட்டுக் கடனும் இருக்கிறது என்றால் இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 2026 ஏப்ரலில் இருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, எண்ணைச் சொல்லிக் கேட்காமல் விஷயத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தைவிட எனக்குப் பெரிய பயம் இடமாற்றம். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குச் சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு தரலாம் என்று 2014 மார்ச் 31 தேதியிட்ட பணியாளர் துறைச் சுற்றறிக்கை இருக்கிறது. மாற்றுத்திறனாளி உறவினரின் முதன்மைப் பராமரிப்பாளராக இருக்கும் ஊழியருக்கு அதே விலக்கு 2018 அக்டோபர் 8 சுற்றறிக்கையில். எனக்கு முதலாவது போதும் என்று இரண்டாவதை நான் கண்டுகொள்ளவே இல்லை. 2022இல் வேறு மாநிலத்துக்கு ஆர்டர் வந்தது. கேட்டால், "அங்கே உங்களுக்குத் தரைத்தளக் குவார்ட்டர்ஸ், அலுவலகத்தில் லிஃப்ட், சாய்வுப் பாதை எல்லாம் இருக்கிறது, உங்கள் சிரமத்துக்கு வழி செய்தாயிற்று" என்றார்கள். என் காலுக்கு வழி செய்தார்கள், சரி. பாபுவுக்குப் பன்னிரண்டு வருஷமாகப் பழகின மையம், அவன் கோபத்தைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கும் டீச்சர், வலிப்புக்குப் பார்க்கும் டாக்டர், இரவு இரண்டு மணிக்கு ஓடி வருகிற எதிர்வீட்டுப் பையன், இதெல்லாம் அங்கே ஏது? அதைச் சொல்லும் காகிதம் 2018 சுற்றறிக்கைதான்.

அதன் கீழ் விண்ணப்பித்தேன். ஃபைலில் குறிப்பு எழுதினார்கள்: ஊழியரே மாற்றுத்திறனாளி என்பதால் பராமரிப்பாளராகக் கருத இயலாது. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் குறிப்பின் நகலை வாங்கிப் படித்தபோது கை நடுங்கியது. ஆனால் எழுத்தில் இருந்தது ஒருவகையில் நல்லதாயிற்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும், வந்த புகாரைப் பதிவு செய்து இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அப்படி ஒருவர் இருப்பதே அறிவிப்புப் பலகையின் மூலையில் மங்கிப்போன ஒரு காகிதத்தில்தான் இருந்தது. கார்டியன் சான்றிதழ், டைரி நகல், மையத்திலிருந்து ஒரு கடிதம், ஃபைல் குறிப்பின் நகல் நான்கையும் வைத்துக் கொடுத்தேன். அங்கேயும் தீரவில்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் போவேன் என்று கடைசி வரியில் எழுதினேன், மிரட்டலாக இல்லை, தகவலாக. பத்தொன்பதாவது நாள் ஆர்டர் ரத்தானது. அந்தப் பத்தொன்பது நாளும் பாபு என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சரியாகச் சாப்பிடவே இல்லை.

ரயில் விஷயம் சின்னது, ஆனால் வருஷா வருஷம் ஊருக்குப் போகிற நமக்கு உதவும். மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவருக்கு மூன்றாம் ஏசி வரை 75 சதவீதம் சலுகை, கூடப் போகும் துணை ஒருவருக்கும் அதே அளவு. ரயில்வேயின் சலுகை அட்டையைத் தனியாக வாங்க வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் நான் பாபுவின் துணையாகத்தான் டிக்கெட் எடுக்கிறேன். "ஊன்றுகோல் வைத்திருக்கும் உங்களுக்கு அவர் துணையா, அவருக்கு நீங்கள் துணையா?" என்று டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஒருமுறை கேட்டார். அட்டையைக் காட்டினேன், பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அரசு வேலை இல்லாதவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது, தெரியும். பாபுவின் மையத்தில் ஒரு தமிழ் அம்மா, ஒரு கண் பார்வை இல்லை, மகளுக்குப் பெருமூளை வாதம். டெல்லி ஜங்புராவில் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப்பை 2025 ஜூனில் இடித்ததும், நகரின் ஓரத்தில் உள்ள நரேலாவுக்குப் போனார். அவருக்கு நான் முதலில் செய்துகொடுத்தது இரண்டு பேரின் யுடிஐடி அட்டையிலும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) முகவரியை மாற்றியதுதான். அட்டையில் ஒரு வீடு, ரேஷன் கார்டில் வேறு வீடு என்று இருந்தால் எந்த உதவித்தொகையும் அந்த இடத்திலேயே நிற்கும். மகளுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு, வருஷம் ஒரு லட்சம் வரை, தெரபி செலவுக்கும் உண்டு. தனக்கான உதவித்தொகைக்கு அவர் விண்ணப்பிக்கவே இல்லை. "அவளுக்கு வாங்குறப்ப எனக்கும் எப்படிக்கா கேக்கறது" என்றார். கேட்க வேண்டும். அவருடைய கண் அவருடையது, மகளுடைய கை கால் மகளுடையது. வீட்டுக்கு ஒன்று என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். உயர் ஆதரவு தேவைப்படுபவர்களுக்குப் பராமரிப்பாளர் படி என்பது 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அரசுகள்தான் அதைத் திட்டமாக்கிப் பணம் ஒதுக்க வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் வேலைதான்.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. நான் 2004க்கு முன் சேர்ந்தவள் என்பதால் பழைய ஓய்வூதியம், எனக்குப் பிறகு என்னைச் சார்ந்த மாற்றுத்திறனாளித் தம்பிக்கு, சம்பாதிக்க முடியாத நிலை என்ற சான்றோடு, குடும்ப ஓய்வூதியம் வாழ்நாள் முழுக்க வரும். கல்யாணமாகாதவர்கள் இதை ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள், குடும்ப விவரப் படிவத்தில் உடன்பிறந்தவர் பெயரைச் சேர்த்து, சேர்த்ததற்கான கையெழுத்திட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது பீரோவில் கார்டியன் சான்றிதழோடு ஒரே உறையில் இருக்கிறது, எதிர்வீட்டு மாமிக்கு அந்த உறை எங்கே என்று தெரியும். எனக்கு அப்புறம் கார்டியன் யார் என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை, கேட்க நினைத்திருக்கும் ஒருவரிடம் இந்த வருஷம் கேட்கப்போகிறேன்.

போன ஞாயிறு வருஷக் கணக்கை முடித்தேன். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். ஓட்டை போடும் மெஷினை பாபு யாருக்கும் தர மாட்டான், அது அவன் வேலை. நான் ஒவ்வொரு கட்டாக நீட்ட, அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓரத்தைச் சரிபார்த்து அழுத்தினான்.